கவிழ்ந்தும் நிமிரும் கலம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலில் கலம் உடைவது தமிழ்க் காப்பியங்களுக்குப் புதிதன்று. கோவலனின் முன்னோன் ஒருவன் மரக்கலம் கவிழ்ந்து நடுக்கடலில் தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் வந்து காத்ததாகவும், அந்நன்றியின் நினைவாகவே கோவலன் தன் மகளுக்கு அப்பெயரைச் சூட்டியதாகவும் சிலப்பதிகாரம் கூறுகிறது. மணிமேகலைக் காப்பியத்திலோ, ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்தபின் ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் கரையேறுகிறான். ஒன்று தெய்வத்தின் கை. மற்றொன்று உடைந்த மரத்துண்டு. பண்டைக் கடற்கதைகளில் உயிர் தப்பும் வழிகள் பெரும்பாலும் இவ்விரண்டே. பிறர் உயிரைக் காப்பதற்கென்றே ஒரு படகைக் கட்டிக் கரையில் வைத்திருந்து, மற்றக் கலங்களெல்லாம் துறைமுகம் தேடி ஓடிவரும் வேளையில் அதனைப் புயலுக்குள் செலுத்தும் வழக்கம் இரு நூற்றாண்டுகளைச் சற்றே கடந்தது.

அத்தகைய உயிர்காப்புப் படகுக்குக் கடமைகள் மூன்று. நீர் புகுந்தாலும் மூழ்காதிருத்தல் முதலாவது. கவிழ்ந்தால் தானே நிமிர்தல் இரண்டாவது. காற்றையும் அலையையும் எதிர்த்து, ஆபத்தில் சிக்கியவர்களிடம் சென்று சேர்தல் மூன்றாவது. முதற்கடமை மரத்தாலும் தக்கையாலும் நிறைவேறியது. மூன்றாவது நிறைவேற மோட்டார் பிறக்க வேண்டியிருந்தது. இரண்டாவது கடமை குறித்தோ நெடுங்காலம் ஒரு வழக்கு நடந்தது. எளிதில் கவிழாத படகைக் கட்டுவதா, கவிழ்ந்தாலும் நிமிரும் படகைக் கட்டுவதா? அவ்வழக்கின் வரலாறே இப்பொழிவின் பொருள். அதில் சாட்சியம் அளித்தவர்களுள் பலர் கரைக்குத் திரும்பாதவர்கள்.

இரண்டு கினிப் பரிசு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் டைன் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்னும் ஊர் உள்ளது. 1789 மார்ச்சில் ‘அட்வென்சர்’ என்ற கப்பல் அக்கழிமுகத்து மணல்திட்டில் தட்டி நின்றது. கரையில் பெருங்கூட்டம் கூடிற்று. கப்பலின் கயிறுகளைப் பற்றித் தொங்கிய மாலுமிகள் ஒவ்வொருவராகக் கை தளர்ந்து நீரில் விழுவதைக் கரையிலிருந்தோர் கண்ணாரக் கண்டனர். அந்தக் கடலில் செல்லத்தக்க படகு அவ்வூரில் ஒன்றும் இல்லை.

அந்த வேதனையிலிருந்து ஒரு போட்டி பிறந்தது. கொந்தளிக்கும் கடலில் செல்லத்தக்க படகின் மாதிரியைத் தருபவருக்கு இரண்டு கினிப் பொன் பரிசு என்று ஊர்ப் பெரியவர்கள் அறிவித்தனர். வில்லியம் உட்ஹேவ் என்பவர் ஒரு மாதிரியைக் கொண்டுவந்தார். வீடுகளுக்கு வண்ணம் பூசுவதும், தேவாலயத்தில் எழுத்தர் பணி புரிவதும் அவருடைய தொழில்கள். அவர் கொணர்ந்த மாதிரியை நீரில் எப்படிக் கவிழ்த்தாலும் தானே நிமிர்ந்தது. கிணற்றடியில் ஒரு பெண்ணின் நீர்த்தொட்டியில் கிடந்த உடைந்த மரக்கிண்ணத் துண்டைக் கவிழ்த்துப் பார்த்தபோது, அது மீண்டும் மீண்டும் நிமிர்ந்ததைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்றொரு கதை வழங்குகிறது. பெரியவர்கள் அவருக்குப் பாதிப் பரிசாக ஒரு கினி மட்டுமே தர முன்வந்தனர். உட்ஹேவ் அதனை ஏற்க மறுத்தார்.

படகைக் கட்டும் பணி ஹென்றி கிரேட்ஹெட் என்ற படகு கட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1790 தொடக்கத்தில் நீரில் இறங்கிய அப்படகின் பெயர் ‘ஒரிஜினல்’. முன்னும் பின்னும் ஒரே வடிவம். எந்தப் பக்கமும் துடுப்பிட்டுச் செல்லலாம். பக்கங்களில் தக்கைக் கட்டுகள். அது மூழ்காது. ஆயின் கவிழ்ந்தால் நிமிராது. உட்ஹேவின் மாதிரியிலிருந்த தலையாய சிறப்பு அதில் இடம்பெறவில்லை. எனினும் 1830இல் பாறையில் மோதி உடையும் வரை நாற்பது ஆண்டுகள் அது உழைத்தது. கிரேட்ஹெட்டுக்கு 1802இல் பிரித்தானிய நாடாளுமன்றம் 1,200 பவுன் வழங்கிற்று. உட்ஹேவ் வறியவராகவே மறைந்தார். ஆனால் அவருடைய கருத்து மறையவில்லை.

நிமிர்தலின் இயல்பு

கவிழ்ந்த படகு எவ்வாறு தானே நிமிர்கிறது என்பதை எளிதாகவே விளக்கலாம். படகின் அடிக்கட்டையில் கனமான இரும்பைப் பொருத்துவர். முன்தலையிலும் பின்தலையிலும் உயர்ந்த காற்றறைகளை அமைப்பர். படகு தலைகீழாகும்போது இவ்விரு காற்றறைகளும் நீருக்குள் அமிழ மறுத்துப் படகைத் தூக்கிப் பிடிக்கின்றன. அடியிலிருந்த இரும்பு இப்போது உச்சியில் நிற்கிறது. நுனிவிரலில் நிறுத்திய பம்பரம் போன்ற நிலை அது. சிறு அலை தொட்டாலும் இரும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே இறங்க, படகு உருண்டு நிமிர்கிறது. படகின் தளம் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே அமைந்திருப்பதால், உள்ளே புகுந்த நீர் தளத்திலுள்ள குழாய்களின் வழியே தானாகவே வடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. தலைகீழாக நிலைகொள்ளாத படகு குறுகலாக இருத்தல் வேண்டும். அகன்ற படகு தலைகீழாகவும் நன்றாகவே மிதக்கும். குறுகிய படகோ நேராக இருக்கும்போதும் உருளும் இயல்புடையது. உயர்ந்த இரு தலைகளும் காற்றை வாங்கிக்கொள்ளும். ஆகவே நன்றாக நிமிரும் படகே எளிதில் கவிழும் படகாகவும் இருந்தது. இந்த முரணே நெடுநாள் வழக்கின் வேர்.

இரும்பிலும் மணலிலும் எழுதிய தீர்ப்புகள்

மான் தீவின் டக்ளஸ் துறையில் வாழ்ந்த சர் வில்லியம் ஹிலாரி 1823இல் நாட்டுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். அதன் பயனாக 1824 மார்ச் 4ஆம் நாள் இலண்டனில் ஓர் அமைப்பு தோன்றியது. அதுவே பின்னர் அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அரசின் படையாக அன்றி, மக்கள் தரும் நன்கொடையையும் கரையோர ஊர்களின் தன்னார்வலர்களையும் கொண்டு அது இயங்கியது. இன்றும் அவ்வாறே இயங்குகிறது. ஹிலாரி வேண்டுகோள் எழுதியதோடு அமைந்தவர் அல்லர். அறுபதை நெருங்கிய வயதில் தாமே படகேறிச் சென்று, கடலில் வீசியெறியப்பட்டு, விலா எலும்புகள் முறியத் திரும்பியவர்.

1849 டிசம்பரில் சவுத் ஷீல்ட்ஸ் படகு ‘பிராவிடன்ஸ்’ கவிழ்ந்து, அதிலிருந்த 24 பேரில் 20 பேர் மாண்டனர். நார்தம்பர்லாந்துப் பிரபு சிறந்த படகு வடிவத்துக்கு 100 கினி பரிசு அறிவித்தார். 280 வடிவங்கள் வந்து குவிந்தன. கிரேட் யார்மத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பீச்சிங் பரிசு பெற்றார். அவருடைய வடிவத்தை ஜேம்ஸ் பீக் செப்பனிட, தானே நிமிரும் படகு நாடெங்கும் பரவியது. ஒருவகையில் உட்ஹேவின் நிமிரும் எண்ணத்துக்கு அறுபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வெற்றி அது.

1861 பிப்ரவரி 9 அன்று விட்பி என்ற துறையில் ஒரு படகு ஒரே நாளில் ஐந்து முறை கடலேறி மீட்டுத் திரும்பியது. ஆறாம் முறை கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் மடிந்தனர். எஞ்சியவர் ஹென்றி ஃபிரீமன். புதிதாக வந்திருந்த தக்கை மேலங்கியை அன்று அணிந்திருந்தவர் அவர் ஒருவரே. அதன்பின் அம்மேலங்கியின் தேவையை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

1886 டிசம்பரில் ‘மெக்சிகோ’ என்ற கப்பலின் மாலுமிகளை மீட்கச் சென்ற சவுத்போர்ட், செயின்ட் ஆன்ஸ் ஆகிய இரு ஊர்ப் படகுகளும் கவிழ்ந்தன. இரண்டும் தானே நிமிரும் வகையின. இரண்டும் மணலில் தலைகீழாகவே கண்டெடுக்கப்பட்டன. அந்த ஓர் இரவில் 27 படகோட்டிகள் மாண்டனர். ‘மெக்சிகோ’வின் 12 மாலுமிகளையும் லித்தம் என்ற மூன்றாம் ஊர்ப் படகு கொண்டுவந்து சேர்த்தது. நிமிரும் என்று நம்பிய படகு நிமிராதபோது, மறுதரப்பின் குரல் ஓங்கியது. நிறுவனத்தின் கலவடிவமைப்பாளராக 1887இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் லெனாக்ஸ் வாட்சன், அகன்று, ஆழ்ந்து, பாய்விரித்து ஓடத்தக்க படகுகளை வடித்தார். அவை நிமிரா, ஆனால் எளிதில் கவிழா. பல ஊர்ப் படகோட்டிகள் அவற்றையே விரும்பினர்.

அந்தத் தரப்பும் பழுதற்றது அன்று. 1901 நவம்பரில் கேஸ்டர் என்னும் ஊரின் அகன்ற படகு, புயலில் கடலேற இயலாமல் அலையால் திருப்பப்பட்டுக் கரையிலேயே கவிழ்ந்தது. படகு நிமிராமையால் அதன் அடியில் சிக்கி ஒன்பது பேர் இறந்தனர். 78 வயதான ஜேம்ஸ் ஹேலட் என்னும் பழம்படகோட்டி அலைக்குள் பாய்ந்து சிலரை இழுத்துவந்தார். அவருடைய குடும்பத்தாரும் அன்று மாண்டோருள் இருந்தனர். படகு மீட்பு முயற்சியைக் கைவிட்டுத் திரும்பியிருக்குமோ என்று விசாரணையில் கேட்டபோது, ஆபத்துக் குறியைக் கண்டபின் திரும்புவது முறையன்று என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார். அவ்விடையைச் செய்தித்தாள்கள் கேஸ்டர் மக்கள் ஒருநாளும் புறங்காட்டார் என்று சுருக்கி வெளியிட்டன. ஊரின் பெயரோடு இன்றும் ஒட்டியிருப்பது அச்சுருக்கமே. ஒரு மனிதன் விதியைக் கூறினான். உலகம் அதனை வீரவாக்காகக் கேட்டது. சொல்லைக் கையாளும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

மோட்டாரின் வருகை

எவ்வகைப் படகாயினும் துடுப்புக்கும் பாய்க்கும் ஓர் எல்லை உண்டு. காற்று கரையை நோக்கி வீசுகையில்தான் கப்பல்கள் கரைதட்டும். அதே காற்றை எதிர்த்தே மீட்புப் படகு செல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேரின் தோள்வலிமை அதற்கு ஈடாகாத நாள்கள் பல. நீராவி இயந்திரம் பூட்டிய படகு 1890ஆம் ஆண்டையொட்டி வந்தது. ஆனால் கொதிகலனில் நீர் சூடாகும் வரை ஆபத்தில் இருப்பவர் காத்திருக்க முடியாது; அப்படகின் பாரமோ சிறு துறைகளுக்கு ஒவ்வாது.

1899இல் அமெரிக்காவில், சுபீரியர் ஏரிக்கரையிலுள்ள மார்க்கெட் என்ற ஊரில், சார்லஸ் மெக்லெல்லன் என்ற அலுவலர் 34 அடிப் படகொன்றில் 12 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் இயந்திரத்தைப் பொருத்திச் சோதித்தார். இங்கிலாந்தில் 1904இல் ஒரு பழைய துடுப்புப் படகில் 9 குதிரைத்திறன் இயந்திரம் ஏற்றப்பட்டது. ஒரு சிறு மோட்டார் வண்டியின் வலிமைகூட அதற்கு இல்லை.

அன்றைய வடிவமைப்பாளர்கள் எதிர்கொண்ட சிக்கல்கள் சுவையானவை. பெட்ரோல் இயந்திரம் மின்பொறியால் எரிவது. உப்புநீர் ஒரு துளி பட்டாலும் பொறி அணையும். ஆகவே நீர் புகாப் பெட்டியில் அதனை அடைக்க வேண்டும். அடைத்தாலோ அதற்கு மூச்சுக் காற்று வேண்டும். படகு கவிழ்ந்தால் இயந்திரம் உடனே நிற்க வேண்டும். இல்லையேல் நீரில் விழுந்தோரை விட்டுவிட்டுப் படகு மட்டும் ஓடிப்போகும். மணலிலும் மிதக்கும் கயிற்றிலும் சிக்காதிருக்க, உந்துசுழலியைப் படகின் அடியில் குடைவான ஒரு பள்ளத்துக்குள் ஒளித்துவைத்தனர். இத்தனை செய்தும் படகோட்டிகள் நம்பவில்லை. துடுப்பு ஒடிந்தால் வேறு துடுப்பு எடுக்கலாம். இயந்திரம் நின்றால் என் செய்வது என்பது அவர்களுடைய வினா. டைன்மத் துறையில் மோட்டார் படகைப் பேணும் பொறுப்பைப் பொறியாளர் படையைச் சேர்ந்த பர்ட்டன் என்ற அதிகாரி ஏற்க வேண்டியதாயிற்று.

‘ரோஹில்லா’வின் மூன்று நாள்கள்

அவ்வினாவுக்கு விடை 1914இல் கிடைத்தது. முதல் உலகப் போர் தொடங்கிய காலம். பகைவர் கண்ணுக்குப் படாதிருக்கக் கலங்கரை விளக்கங்கள் அணைக்கப்பட்டிருந்தன. காயமுற்ற வீரர்களை ஏற்றிவரப் பிரான்சு நோக்கிச் சென்ற ‘ரோஹில்லா’ என்ற மருத்துவமனைக் கப்பல், அக்டோபர் 30 அன்று விடியுமுன் விட்பிக்கு அருகில் பாறையில் மோதி முறிந்தது. கப்பலில் 229 பேர். கரை கண்ணுக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது.

விட்பியின் துடுப்புப் படகொன்றைக் கடற்சுவரின் மேலாகத் தூக்கிப் பாறைகளின்மேல் இழுத்துச் சென்று நீரில் இறக்கினர். இரண்டு முறை சென்று 35 பேரை அது கொணர்ந்தது. அவர்களுள் கப்பலிலிருந்த பெண்கள் அனைவரும் அடங்குவர். பாறையில் அடிபட்ட அப்படகு பின்னர் பயன்படாது போயிற்று. மற்றொரு படகைச் செங்குத்தான மலைமுகட்டிலிருந்து கயிறு கட்டி இறக்கினர். அதனாலும் கப்பலை அணுக இயலவில்லை. வேறு துறைகளிலிருந்து வந்த படகுகளும் தோற்றுத் திரும்பின. கரையில் நின்ற ஊரார் அலைக்குள் கைகோத்து இறங்கி, நீந்தி வந்தோரை இழுத்துக் காத்தனர். பலர் நீந்த முயன்று மாண்டனர்.

டைன்மத்துக்குச் செய்தி போயிற்று. அங்கிருந்த 40 அடி மோட்டார் படகின் பெயர் ‘ஹென்றி வெர்னன்’. அதன் தலைவர் ராபர்ட் ஸ்மித். உடன் பர்ட்டனும் சென்றார். ஒரு விளக்கும் எரியாத கடற்கரையின் ஓரமாக, புயலில், இரவெல்லாம் ஏறத்தாழ 45 மைல் ஓடி அப்படகு விட்பியை அடைந்தது. நவம்பர் 1 ஞாயிறு விடியலில் அது உடைந்த கப்பலை நோக்கிப் புறப்பட்டது. கப்பலைக் கடந்து கடற்பக்கம் சென்று எண்ணெயைக் கொட்டியது. எண்ணெய்ப் படலம் பரவிய இடத்தில் அலையின் தலை உடையாமல் தாழ்ந்தது. அந்த இடைவேளையில் படகு கப்பலின் ஓரத்தை ஒட்டி நின்றது. இரண்டு நாள்களுக்கு மேலாகக் குளிரில் தொங்கிக்கொண்டிருந்த எஞ்சிய 50 பேரும் இறக்கப்பட்டனர். கடைசியாக இறங்கியவர் கப்பல் தலைவர்.

85 பேரளவில் அங்கே உயிரிழந்தனர். ஆயினும் துடுப்புப் படகுகள் தோற்ற இடத்தில் மோட்டார் படகு வென்றதைக் கரையோர ஊர்கள் அனைத்தும் கண்டன. அதன்பின் மோட்டாரை ஐயுறுவோர் குறைந்தனர். நிறுவனத்தின் கடைசித் துடுப்புப் படகு 1957இல் ஓய்வு பெற்றது. அது இருந்த துறையும் அதே விட்பிதான்.

முப்பத்தாறு அடி

அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் 36 அடி மோட்டார் படகு வேறொரு பரம்பரையின் மலர்ச்சி. கனத்த வெண்கல அடிக்கட்டை, தானே நிமிரும் உடல், ஒற்றைப் பெட்ரோல் இயந்திரம் ஆகியவை அதன் உறுப்புகள். இங்கிலாந்தில் ஒவ்வொரு படகும் நன்கொடையாளர் பெயரையோ மறைந்த ஒருவர் பெயரையோ தாங்கி நிற்கும். அமெரிக்கச் சிறுபடகுகளுள் பெரும்பாலானவற்றுக்கு எண் மட்டுமே. அவற்றுள் புகழ்பெற்ற எண் 36500.

1952 பிப்ரவரி 18 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேட்டம் துறைக்கு அப்பால், ஒரே புயலில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் முறிந்தன. அவற்றுள் ‘பெண்டில்டன்’ கப்பலின் பின்பாதியில் 33 பேர் இருந்தனர். 24 வயதான பெர்னார்டு வெப்பரும், ஆண்ட்ரூ ஃபிட்ஸ்ஜெரால்டு, ரிச்சர்டு லிவ்சி, எர்வின் மாஸ்கி ஆகிய மூவரும் 36500இல் ஏறினர். துறைவாயின் மணல்திட்டைக் கடக்கையிலேயே அலை முகப்புக் கண்ணாடியைச் சிதறடித்துத் திசைகாட்டியைப் பறித்துச் சென்றது. படகு பக்கவாட்டில் சாய்ந்தபோது இயந்திரம் எரிபொருள் இழந்து நின்றது. ஃபிட்ஸ்ஜெரால்டு சூடான இயந்திரத்தின் மேலாகத் தவழ்ந்து சென்று அதனை மீண்டும் இயக்கினார். ஏணியில் இறங்கி வந்தவர்களை ஒவ்வொருவராக ஏற்றினர். சுமார் 12 பேருக்கு அளவிட்ட படகில் 32 பேர் ஏறினர். ஒருவரை அலை கொண்டது. திசைகாட்டியில்லாப் படகைக் காற்றின் போக்கில் விட்டுக் கரை காண முனைந்த வெப்பருக்கு, துறைவாயின் மிதவை விளக்கு கண்ணிற்பட்டது. நால்வருக்கும் தங்கப் பதக்கம் கிடைத்தது. வெப்பருக்குத் தங்கமும் மற்றவர்க்கு வெள்ளியும் என்ற முதல் எண்ணத்தை வெப்பர் ஏற்க மறுத்தமையே அதற்குக் காரணம்.

இரு தரப்பும் ஒன்றானது

1961 ஜனவரி 12 அன்று அமெரிக்காவின் மேலைக் கரையில், கொலம்பியா ஆற்றின் முகத்திட்டில், ஒரு மீன்பிடிப் படகைக் காக்கச் சென்ற மூன்று மீட்புப் படகுகள் ஒரே இரவில் அழிந்தன. அவற்றுள் ‘டிரையம்ப்’ என்ற 52 அடி மரப்படகும் ஒன்று. காவற்படையினர் ஐவரும் மீனவர் இருவரும் மடிந்தனர். மறு ஆண்டு, 1962இல், 44 அடி எஃகுப் படகின் முதல் மாதிரி வெளிவந்தது. இரண்டு டீசல் இயந்திரங்கள். நீர் புகா அறைகளாகப் பகுக்கப்பட்ட உடல். இவ்வகையில் 110 படகுகள் கட்டப்பட்டன. 1964இல் பிரித்தானிய நிறுவனம் ஒன்றை வாங்கித் தன் கரைகளில் சோதித்து, தானும் அவ்வகைப் படகுகளைக் கட்டத் தொடங்கியது.

அங்கே வழக்கு இன்னும் முடியாதிருந்தது. வாட்சன் வழிவந்த அகன்ற மோட்டார் படகுகளே பல துறைகளில் இருந்தன. 1969 மார்ச்சில் ஆர்க்கனித் தீவுகளின் லாங்ஹோப் படகு கவிழ்ந்து எண்மர் மாண்டனர். ஒரு தந்தையும் இரு மகன்களும், மற்றொரு தந்தையும் இரு மகன்களும் அவர்களுள் அடக்கம். 1970 ஜனவரியில் ஃபிரேசர்பர்க் படகு கவிழ்ந்து ஐவர் மாண்டனர். இரண்டும் நிமிரா வகையின. அதன்பின் எல்லாப் படகும் நிமிர்தல் வேண்டும் என்று நிறுவனம் உறுதிபூண்டது.

பழைய முரண் எவ்வாறு தீர்ந்தது? ரிச்சர்டு ஓக்லி என்ற வடிவமைப்பாளர் 1958இல் ஒரு வழி காட்டியிருந்தார். படகின் அடியில் கடல்நீரைப் பாரமாக ஏற்றி, கவிழும்போது அந்நீர் ஒரு பக்கத்துத் தொட்டிக்குப் பாய்ந்து படகைப் புரட்டி நிமிர்த்துமாறு அவர் அமைத்தார். பின்வந்தோர் கண்ட வழி இன்னும் எளிது. படகோட்டிகள் அமரும் மேல்மாடத்தையே நீர் புகாதவாறு அடைத்துவிட்டால், கவிழும்போது அதுவே பெருங்காற்றறையாகிப் படகைத் தூக்கிவிடும். அகன்ற உடலைக் குறுக்க வேண்டுவதில்லை. கவிழாமைக்கு வேண்டிய அகலமும், நிமிர்தலுக்கு வேண்டிய மிதப்பும் ஒரே படகில் குடியேறின. மனிதர்களைக் காக்கும் அறையே படகையும் காக்கும் உறுப்பாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் எதிரெதிரே நின்ற இரு தரப்பும் இவ்வாறு ஒன்றாயின.

அமெரிக்காவின் 47 அடி அலுமினியப் படகு இவ்வழியில் வந்தது. 1990இல் முதல் மாதிரி வெளிவந்து, மொத்தம் 117 படகுகள் கட்டப்பட்டன. மணிக்கு 25 கடல்மைல் விரைவு, 30 அடி உயரக் கடலையும், 20 அடி உயர உடையும் அலையையும், 50 கடல்மைல் வேகக் காற்றையும் தாங்கும் உறுதி ஆகியவை அதற்கு விதிக்கப்பட்ட அளவுகள். முற்றும் கவிழ்ந்தாலும் அரை நிமிடத்துக்குள் நிமிர்ந்துவிடும்.

படகால் இயலாதவை

இத்தனை அறிவும் எல்லை உடையதே. 1981 டிசம்பர் 19 அன்று கார்ன்வால் கரையில் ‘யூனியன் ஸ்டார்’ என்ற கப்பலை மீட்கப் பென்லீ படகு சென்றது. நால்வரை ஏற்றிவிட்டதாக வானொலியில் ஒரு செய்தி வந்தது. அதன்பின் செய்தி இல்லை. படகிலிருந்த எண்மரும் கப்பலிலிருந்த எண்மரும் மாண்டனர். மரப்படகு சிதறிப் போயிற்று. நிமிர்வதற்கு ஏதும் எஞ்சவில்லை. புறப்படுமுன் படகுத் தலைவர், ஒரே வீட்டிலிருந்து இருவரை ஏற்றமாட்டேன் என்று கூறித் தந்தையுடன் வந்த இளைஞன் ஒருவனைக் கரையிலேயே நிறுத்தினார். லாங்ஹோப்பின் நினைவு அவர் நெஞ்சில் இருந்ததோ இல்லையோ, அம்முடிவு ஒரு தாய்க்கு மகனை மிச்சம் வைத்தது.

1997 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு 44 அடிப் படகு ஆற்றுமுகத்தில் மூன்று முறை புரண்டது. மூன்று முறையும் தன் கடமையைச் செய்து நிமிர்ந்தது. அதிலிருந்த நால்வருள் மூவர் திரும்பவில்லை. கலம் நிமிர்வது வேறு. அதிலுள்ள மனிதன் அதனோடு நிமிர்வது வேறு. இருக்கைக் கச்சையும், அடைத்த அறையும், பயிற்சியும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைக்கும், முற்றும் அழிக்கா.

இவ்வரலாற்றில் பெரும்பாலான மாற்றங்களுக்கு முன்னால் ஒரு பேரிழப்பு நிற்கிறது. ‘அட்வென்சர்’ இன்றேல் ‘ஒரிஜினல்’ இல்லை; ‘பிராவிடன்ஸ்’ இன்றேல் பீச்சிங் இல்லை. வடிவமைப்பாளனின் மேசைமேல் இருந்த கோடுகளை அவ்விழப்புகளே திருத்தின. தன் ஆக்கம் பிழைபட்டது என்று ஒப்புக்கொண்டு மீண்டும் வரையத் துணிந்தவர்களே இதனை முன்னெடுத்தனர். நிமிராப் படகைக் கட்டியவர்களும் நல்லெண்ணத்தோடே கட்டினர் என்பதையும் மறத்தல் ஆகாது. கவிழாதென்று கொண்ட உறுதியே அவர்களைக் கைவிட்டது. கவிழக்கூடும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, அந்த நொடிக்கு வேண்டியதைக் கலத்துக்குள் வைத்தவர்களே நிலைத்த விடையைக் கண்டனர்.

அந்த விடையைச் சோதிப்பது புயலில் அன்று. புதிய படகு ஒவ்வொன்றையும் அமைதியான துறைநீரில் நிறுத்தி, பாரந்தூக்கியின் கயிற்றால் கட்டிப் புரட்டிக் கவிழ்க்கின்றனர். கரையில் நிற்பவர் நொடிகளை எண்ணுகிறார். நிமிர்ந்த பின்பே அது கடலுக்கு அனுப்பப்படுகிறது. எந்த வலிமையும் அலை வரும் நேரத்தில் ஆக்கப்படுவதில்லை. காற்றடங்கிய நாளில், எவரும் பாராத வேளையில், பொறுமையாகக் கட்டப்படுகிறது. சொல்லைக் கட்டுவோர்க்கும் இது பொருந்தும்.

ஒன்றே ஒன்றை மட்டும் எந்த வடிவமைப்பாளனும் வரையவில்லை. பென்லீ படகு அழிந்த மறுநாளுக்குள், ஏழு வீடுகளிலோ எட்டு வீடுகளிலோ அழுகுரல் கேட்டுக்கொண்டிருந்த மவுசோல் என்னும் அந்தச் சிற்றூரில், அடுத்த படகுக்குப் போதுமான ஆட்கள் முன்வந்து தங்கள் பெயரைக் கொடுத்திருந்தனர்.